தேரடி மெட்ரோ போர்டில் ஒளிந்திருக்கும் இத்தாலிக்காரர்... கொள்ளிடக் கரையில் வீரமாமுனிவரைத் தேடி ஒரு பயணம்!

அடுத்த முறை திருவொற்றியூர் தேரடி மெட்ரோ ஸ்டேஷனில் ரயிலுக்காக நிற்கும்போது, போனிலிருந்து ஒரு நிமிஷம் தலையைத் தூக்கி அந்தப் பெயர்ப் பலகையைப் பாருங்க. 'திருவொற்றியூர்' என்பதில் 'வொ' இருக்கு. அது குறில். அதில் சாதா கொம்பு. பக்கத்திலேயே 'தேரடி'யில் 'தே' இருக்கு. அது நெடில். அந்தக் கொம்பு மட்டும் மேலே சுழிச்சிருக்கும். ஒண்ணாங் கிளாஸில் படிச்ச விஷயம்தானே, இதில் என்ன அதிசயம் என்று தோணும்.

அதிசயம் இதுதான். சுமார் 300 வருஷத்துக்கு முன்னால் இதே பெயரை ஓலையில் எழுதியிருந்தால் இரண்டு கொம்பும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். 'தேரடி'யா 'தெரடி'யா, 'வொ'வா 'வோ'வா என்பதைப் படிக்கிறவர் இடம் பார்த்துப் புரிஞ்சுக்கணும். அந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியவர் என்று தமிழ் உலகம் நினைவில் வைத்திருப்பது ஓர் இத்தாலிக்காரரை. மெரினா பீச்சில் 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்காக வைத்த சிலை வரிசையில் நீண்ட அங்கியும் தாடியுமாக நிற்கிறாரே, அவரேதான். வீரமாமுனிவர்.

பள்ளிக்கூடத்தில் இவரைப் பற்றி இரண்டு மார்க் கேள்விக்குப் படிச்சிருப்போம். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, எழுதியது தேம்பாவணி, முடிஞ்சது. ஆனால் அந்த இரண்டு மார்க்குக்குப் பின்னால் சிறை, மரண தண்டனை, ஊர் ஊராக ஓட்டம், சண்டை, நக்கல், காவியம் என்று ஒரு முழு வாழ்க்கை இருக்கு. அதன் முக்கியமான பக்கங்கள் நடந்தது கொள்ளிடம் ஆற்றங்கரைப் பக்கத்து ஊரான ஏலாக்குறிச்சியில். அங்கே இருக்கும் அடைக்கல மாதா கோயில் இன்னமும் அவர் பெயரைச் சொல்லிக்கிட்டிருக்கு.

மாந்துவாவிலிருந்து மதுரைக்கு

1680 நவம்பர் 8. வட இத்தாலியில் மாந்துவா பக்கம் காஸ்திலியோனே என்ற சின்ன ஊரில் பிறக்கிறார் பெஸ்கி. அந்த ஊருக்கு ஏற்கெனவே ஒரு பெருமை இருந்தது. இயேசு சபையைச் சேர்ந்த புனித அலோசியஸ் கொன்சாகா பிறந்ததும் அங்கேதான். பெஸ்கியும் 18 வயதில், அதாவது 1698-ல், அதே இயேசு சபையில் சேர்கிறார். படிப்பு முடித்து குருப்பட்டம் வாங்குகிறார். அத்தோடு ஊரிலேயே ஒரு கல்லூரி வாத்தியாராக உட்கார்ந்திருக்கலாம். அவர் கேட்டு வாங்கியது மதுரை மிஷன்.

இன்றைக்கு வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு வீடியோ கால் இருக்கு, வருஷத்துக்கொரு தடவை ஊருக்கு வர லீவு இருக்கு. அன்றைக்கு லிஸ்பனில் கப்பல் ஏறினால் ஆப்பிரிக்காவையே சுத்திக்கிட்டு வரணும். மாதக்கணக்கில் கடல். நோயில் பாதி வழியில் செத்துப்போனவர்கள் ஏராளம். பிழைத்து வந்து சேர்ந்தாலும் திரும்பிப் போவது என்ற பேச்சே பெரும்பாலும் கிடையாது. பெஸ்கியும் திரும்பவே இல்லை. 1710-ல் கோவாவில் கால் வைக்கிறார், அடுத்த வருஷம் தமிழ் மண். அப்போது அவருக்கு 30 வயசு.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிடணும். அவர் தமிழைத் தேடி வரவில்லை, மதம் பரப்ப வந்தார். தமிழ் அதற்குத் தேவைப்பட்ட கருவி. அவருக்கு நூறு வருஷத்துக்கு முன்னால் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி ஏற்கெனவே ஒரு வழியைப் போட்டு வைத்திருந்தார். காவி கட்டி, சைவம் சாப்பிட்டு, இந்த ஊர்த் துறவி மாதிரியே வாழ்வது என்பதுதான் அந்த வழி. பெஸ்கியும் அதில் நடந்தார். கான்ஸ்டன்டைன் என்ற பெயருக்கு உறுதியானவர் என்று பொருள். அதைத் தமிழாக்கி தைரியநாதர் ஆனார். வீரமாமுனிவர் என்பது பின்னால் தமிழறிஞர்கள் கொடுத்த பட்டம் என்று சொல்வது வழக்கம்.

தண்டனை கொடுத்த ஊர்

தொடக்க காலத்தில் அவர் வேலை செய்த இடங்களில் ஒன்று, கோவில்பட்டி பக்கத்தில் இருக்கும் காமநாயக்கன்பட்டி. தென்சீமையில் அப்போது பாளையக்காரர்கள் ஆட்சி, மேலே மதுரை நாயக்கர்கள். ஒரு பாளையத்தில் மரியாதை கிடைக்கும், அடுத்த பாளையத்தில் அடி கிடைக்கும். 1714, 15 வாக்கில் பெஸ்கி கைதாகிறார். மரண தண்டனை வரைக்கும் போய் நூலிழையில் உயிர் தப்புகிறார்.

யோசிச்சுப் பாருங்க. 34 வயசு. வந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. மொழி இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. உயிர் போயிருக்க வேண்டிய இடம். கிளம்பிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. வடக்கே நகர்ந்து, தமிழை இன்னும் ஆழமாகப் படிக்க ஆரம்பித்தார். சுப்பிரதீபக் கவிராயர் என்ற புலவரிடம் இலக்கணமும் இலக்கியமும் பாடம் கேட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. குறள், சிந்தாமணி, கம்பன் என்று அவர் கரைச்சுக் குடித்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம், அவர் எழுதிய பாட்டுகளே போதும்.

ஏறக்குறைய அதே சமயத்தில் நம்ம திருவொற்றியூரில் என்ன நடந்துக்கிட்டிருந்தது தெரியுமா? சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், இங்கே நெசவாளர்களைக் குடியமர்த்தி ஒரு பேட்டை உண்டாக்கினார். காலெட் பேட்டைதான் வாய்வழக்கில் காலடிப்பேட்டை ஆச்சு. தேரடிக்கு அடுத்த மெட்ரோ ஸ்டேஷன். ஓர் ஐரோப்பியர் தன் பெயரை ஒரு தெருவுக்குக் கொடுத்தார். இன்னொருவர் தன் பெயரையே தமிழாக மாற்றிக்கிட்டார். இரண்டும் ஒரே காலம்.

ஆற்றங்கரையில் ஒரு அடைக்கலம்

முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிந்து வரும் கொள்ளிடம், கண்ணுக்கு எட்டிய தூரம் மணல் பரப்பு. தண்ணீர் திறந்துவிட்டால் இன்னொரு கடல். அதன் வடகரைப் பகுதியில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கு ஏலாக்குறிச்சி. ஆறுதான் அன்றைக்கு எல்லை. தென்கரையில் தஞ்சை மராட்டியர் சீமை, வடகரையில் அரியலூர் மழவராயர் பாளையம். ஒரு பக்கம் ஆபத்து வந்தால் ஆற்றைத் தாண்டி மறுபக்கம் வந்துடலாம். அப்படி ஓடி வருகிறவர்களுக்குப் புகலிடமாக இருந்த ஊருக்கு பெஸ்கி வைத்த பெயர் திருக்காவலூர். அங்கிருந்த மாதாவுக்குப் பெயர் அடைக்கல மாதா. இந்தப் பெயர்கள் சும்மா பக்திக்காக வைத்த அலங்காரப் பெயர்கள் இல்லை. உயிருக்குப் பயந்து ஓடினவர் வைத்த பெயர்கள்.

கோயில் வரலாற்றில் ஒரு கதை சொல்வார்கள். அரியலூர் பாளையக்காரர் அரங்கப்ப மழவராயருக்கு ராஜபிளவைக் கட்டி. எந்த வைத்தியத்துக்கும் அடங்கவில்லை. கடைசியில் வீரமாமுனிவர் மாதாவை வேண்டிக்கிட்டு, அங்கிருந்த மண்ணை எடுத்துப் பூசினார். கட்டி ஆறிப்போச்சு. நன்றிக்கு மழவராயர் கோயிலுக்கு நிலம் கொடுத்தார். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் இந்துப் பாளையக்காரர் ஒருவர் மாதா கோயிலுக்கு நிலம் கொடுத்ததை ஊர் இன்றுவரை பெருமையாகச் சொல்கிறது என்பதில்தான் எனக்கு ருசி.

விருத்தாசலம் பக்கத்தில் கோணான்குப்பம் என்று இன்னோர் ஊர். அங்கே பெரியநாயகி மாதா கோயில். சேலை கட்டிய தமிழ்ப் பெண்ணாக மாதாவை வரைந்து கொடுத்து, மணிலாவில் சிலை செய்து வரவழைத்தார் பெஸ்கி என்பது அந்த ஊர் சொல்லும் கதை. விருத்தாசலம் கோயிலில் அம்மன் பெயர் பெரியநாயகி. பக்கத்து ஊரில் மாதாவுக்கும் அதே பெயர். ஊர்க்காரர்களுக்கு அந்நியமாகத் தெரியாத ஒரு பெயர் வேண்டும் என்று யோசிச்சிருக்கார் மனுஷன்.

நெல் வயலில் ஜெருசலேம்

இந்த இரண்டு ஊர்களையும் சுற்றி வாழ்ந்த காலத்தில்தான் தேம்பாவணி உருவாகிறது. 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள். கதாநாயகன் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர். அவருக்கு பெஸ்கி வைத்த தமிழ்ப் பெயர் வளன். பைபிளில் சூசையப்பரைப் பற்றி இருப்பது கொஞ்சம்தான். ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆக்ரேதா மரியா எழுதிய நூலிலிருந்து கதைப் பொருளை எடுத்து, தமிழ்க் காவிய இலக்கணத்தில் ஊற்றி வார்த்தார்.

நாட்டுப் படலம், நகரப் படலம் என்று கம்பர் வழியில்தான் தொடங்கும். கதை நடப்பது யூதேயா நாட்டில். ஆனால் படிச்சால் காவிரி டெல்டாவுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். நெல் விளையும், தாமரை பூக்கும், வாய்க்காலில் தண்ணீர் புரளும். பாலஸ்தீனத்தைப் பார்க்காதவர், கொள்ளிடத்தை தினமும் பார்த்தவர். அவர் கண்ணில் நின்ற ஊர் எதுவோ அது பாட்டில் வந்தது. இத்தாலியில் பிறந்த ஒருவருக்கு சொந்த ஊர் எது என்று கேட்டால், தேம்பாவணியின் நாட்டுப் படலம்தான் பதில்.

ஏலாக்குறிச்சி மாதாவுக்காக தனியாக திருக்காவலூர்க் கலம்பகமும் எழுதினார். கலம்பகம் என்பது பல வகைப் பாட்டுகளைக் கலந்து கட்டுகிற சிற்றிலக்கியம். ரொம்ப நுணுக்கமான வேலை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட புலவர்களே யோசித்துக் கை வைக்கிற இடம்.

ஒரு சின்ன சுழி

இப்போது அந்தக் கொம்புக்கு வருவோம்.

"நான் போய் சொல்றேன்" என்று நண்பருக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறீர்கள். கொம்பில் சுழி இல்லாமல் போனால் அது "நான் பொய் சொல்றேன்" ஆகிடும். ஃபிரெண்ட்ஷிப்பே காலி. தேன், தென். கோடி, கொடி. மேல், மெல். ஏரி, எரி. இத்தனை சொற்களும் அன்றைய எழுத்தில் ஜோடி ஜோடியாக ஒரே மாதிரி கிடந்தன.

பழைய இலக்கணத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. எ, ஒ இரண்டும் குறிலாக இருந்தால் மேலே ஒரு புள்ளி வைக்கணும் என்கிறது தொல்காப்பியம். ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். அதனால் நடைமுறையில் பெரும்பாலும் புள்ளியை விட்டுட்டாங்க. தமிழிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பிரச்னை இல்லை, பழக்கத்தில் படிச்சிடுவாங்க. 30 வயசில் மொழி கற்க உட்கார்ந்தவருக்கு அது ஒவ்வொரு வரியிலும் தடுக்கி விழுகிற கல்.

பெஸ்கி புள்ளியைத் திரும்பக் கொண்டுவர முயற்சி பண்ணவில்லை. குறிலை அப்படியே விட்டு, நெடிலுக்கு அடையாளம் கொடுத்தார். ஒற்றைக் கொம்பின் தலையைச் சுழித்து ே ஆக்கினார். எ-வின் கீழே ஒரு கோடு இழுத்தால் ஏ. ஒ-வின் கீழே ஒரு சுழி சேர்த்தால் ஓ. ஓலையும் கிழியாது, எழுத்தாணியையும் தூக்க வேண்டாம். இதைத் தன் இலக்கண நூலில் எழுதி வைத்தார். அச்சு வந்த பிறகு இந்த வடிவம் எல்லா இடத்திலும் நிலைத்தது. இன்றைக்கு உங்கள் போன் கீபோர்டில் எ, ஏ என்று இரண்டு பட்டன் தனித்தனியாக இருப்பதற்கு வேர் இங்கேதான் இருக்கு.

வெளியாள் ஒருத்தர் வந்துதான் நம்ம எழுத்தைச் சரிபண்ணணுமா என்று சிலருக்குக் கோபம் வரலாம். கொஞ்சம் மாற்றி யோசிச்சால், வெளியிலிருந்து வந்ததால்தான் அந்தத் தடங்கல் அவர் கண்ணில் பட்டது. வீட்டு வாசல்படியில் விருந்தாளிக்குத்தான் கால் தடுக்கும். வீட்டுக்காரங்க இருட்டிலும் தாண்டிப் போயிடுவாங்க.

அகராதிக்கு ஒரு வழி

தமிழில் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியணும் என்றால் அன்றைக்கு நிகண்டுதான். நிகண்டு முழுக்கப் பாட்டு. மனப்பாடம் பண்ணியிருந்தால்தான் பயன். தேடிப் பார்க்கிற வசதி கிடையாது. 1732-ல் பெஸ்கி சதுரகராதியை முடிக்கிறார். பெயர், பொருள், தொகை, தொடை என்று 4 பகுதி. உள்ளே எல்லாம் அகர வரிசை. முதல் எழுத்தைப் பிடித்துத் தேடினால் சொல் கிடைச்சிடும். மனசில் இருந்த சொற்களை 'சர்ச்' பண்ணுகிற மாதிரி அடுக்கினார் என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும்.

எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற ஐந்து இலக்கணத்தையும் சொல்லும் தொன்னூல் விளக்கம் அவருடையது. பேச்சுத் தமிழுக்குத் தனியாக ஓர் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். அது தரங்கம்பாடியில் 1738-ல் அச்சானது. தெருவில் பேசுகிற தமிழுக்கும் விதி உண்டு, அதையும் படிக்கணும் என்று உட்கார்ந்து எழுதினது பெரிய விஷயம். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார். காமத்துப்பாலைத் தொடவில்லை. துறவியின் கூச்சம் என்று வைத்துக்கலாம். ஆனாலும் குறளுக்கு அது இழப்புதான்.

ஆறு தூங்குதா, முழிச்சிருக்கா?

காவியம், இலக்கணம், அகராதி என்றதும் ஏதோ சிரிக்கவே தெரியாத சாமியார் என்று நினைச்சுடாதீங்க. சின்ன வயசில் பரமார்த்த குரு கதை கேட்டிருக்கீங்களா? மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று 5 சீடர்கள். அவர்களுக்கேற்ற ஒரு குரு. பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்குகிற கூட்டம். அதை எழுதியதும் இவரேதான்.

அதில் முதல் கதையே ஆறு தாண்டுகிற கதை. ஆறு கெட்டது, முழிச்சிருக்கும்போது இறங்கக் கூடாது என்று குருவுக்குப் பயம். தூங்குதா என்று பார்க்க ஒரு சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான். சுர்ரென்று சத்தம், புகை. ஐயோ முழிச்சிருக்கு என்று எல்லாரும் ஓட்டம். பின்னால் ஒருவழியாகக் கரையேறினதும் தலையை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுட்டு எண்ணுவதால் ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் குறையுது. ஆறு ஒருத்தரை விழுங்கிடுச்சு என்று ஒப்பாரி.

உயிருக்காக உண்மையிலேயே ஆறுகளைத் தாண்டி ஓடிய ஒருவர், ஆற்றைப் பார்த்துப் பயப்படுகிற குருவை வைத்துச் சிரிக்கிறார். புதுசாக வரும் ஐரோப்பிய குருமார் தமிழ் பழக, தமிழும் லத்தீனுமாக எழுதின பாடப் புத்தகம்தான் இது. 1822-ல் லண்டனில், பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சாச்சு. பிறகு எத்தனையோ மொழிக்குப் போச்சு. தமிழில் அது பாட்டி சொல்லும் கதையாகவே மாறிடுச்சு. எழுதியவர் பெயரே தேவைப்படாத அளவுக்கு ஒரு கதை ஊரோடு கலந்து போவது எல்லா எழுத்தாளருக்கும் கிடைக்கிற வரம் இல்லை.

குறையும் உண்டு

சிலை வைத்த பிறகு மனிதரின் கோபதாபம் எல்லாம் மறந்துடும். பெஸ்கிக்குக் கோபம் இருந்தது. தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் மிஷனரிகளோடு அவருக்குத் தீராத சண்டை. அவர்களைக் கண்டித்து வேத விளக்கம், பேதகம் மறுத்தல் என்று நூல்களே எழுதினார். அதில் நயம் குறைவு, காரம் அதிகம். ஆனால் அவருடைய பேச்சுத் தமிழ் இலக்கணத்தை அச்சில் ஏற்றியது எந்த ஊர் என்று மேலே பார்த்தோம் இல்லையா? அதே தரங்கம்பாடி. யாரோடு சண்டை போட்டாரோ, அவர்களுடைய அச்சகத்தில்தான் அவர் புத்தகம் வந்தது. தமிழ் படிக்கணும் என்றால் பெஸ்கியை விட்டால் வழியில்லை என்பது அவர்களுக்கும் தெரிஞ்சிருந்தது.

அவர் மேல் ஏறி நிற்கும் கதைகளும் உண்டு. திருச்சியை ஆண்ட சந்தா சாகிப்பைப் பார்க்கப் பாரசீகமும் உருதுவும் சீக்கிரமே கற்றுக்கொண்டார், நவாப் மகிழ்ந்து ஊர்களைக் கொடுத்தார், திவானாகவே ஆக்கினார் என்று ஒரு கதை. பட்டு அங்கி, புலித்தோல், பல்லக்கு என்று வாழ்ந்தார் என்று இன்னொன்று. இவை பெரும்பாலும் புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை 1822-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருபவை. அப்போது பெஸ்கி இறந்து 75 வருஷம் ஆகியிருந்தது. திவான் பதவியைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. ஆனால் அந்த முத்துசாமிப் பிள்ளைக்கு நாம் நன்றி சொல்லணும். சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸ் கேட்டுக்கொண்டபடி, தெற்கே அலைந்து பெஸ்கியின் ஏடுகளைத் தேடித் திரட்டியவர் அவர்.

ஆற்றை விட்டுப் போன கடைசி வருஷங்கள்

1736-ல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிகிறது. ராணி மீனாட்சியை ஏமாற்றி சந்தா சாகிப் திருச்சியைப் பிடிக்கிறார். 1741-ல் மராட்டியப் படை வந்து திருச்சியைப் பிடித்து, சந்தா சாகிப்பைச் சிறையெடுத்துப் போகிறது. கொள்ளிடக் கரை முழுக்கப் படைகளின் வழித்தடம் ஆகிறது. அடைக்கலம் தந்த கரையே அமைதி இல்லாத இடமாகிப் போச்சு. 60 வயதைத் தாண்டிய பெஸ்கி தெற்கே கடற்கரைப் பக்கம் போகிறார். அங்கிருந்து கேரளத்தின் அம்பழக்காடு. இயேசு சபையின் பழைய மையம் அது. 1747 பிப்ரவரி 4-ல் அங்கே இறந்தார். மணப்பாட்டில் இறந்தார் என்று எழுதியவர்களும் உண்டு.

பிறந்தது இத்தாலியில், கண் மூடியது மலையாளம் பேசும் ஊரில். நடுவில் 30 வருஷத்துக்கும் மேலே தமிழ். அவர் உயிரோடு இருந்தவரை தேம்பாவணி அச்சாகவில்லை. ஓலையில் கை மாறிக் கை மாறி, 1850-களில்தான் புதுச்சேரியில் அச்சேறியது. சதுரகராதி நம்ம சென்னையில் 1824-ல் அச்சானது. தன் காவியத்தை அச்சில் பார்க்காமலேயே போன மனுஷன், தன் சுழி ஒவ்வொரு தமிழ் எழுத்திலும் ஏறப்போவதை மட்டும் எப்படித் தெரிஞ்சிருப்பார்?

போய்ப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு

தேரடியில் மெட்ரோ ஏறுங்க. சென்ட்ரலில் மாறி எழும்பூர். அங்கிருந்து திருச்சி கார்டு லைனில் போகும் ரயில்களில் பல அரியலூரில் நிற்கும். அரியலூரிலிருந்து தஞ்சாவூர் சாலையில் திருமானூர் வந்து, அங்கிருந்து ஏலாக்குறிச்சி. பஸ் உண்டு, ஆனால் நேரம் பார்த்து ஏறணும். கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த பங்கு கோயில் அது. பூசை நடக்கிற நேரமாக இருந்தால் ஓரமாக உட்காருங்க. போட்டோ எடுக்கலாமா என்று கேட்டுட்டு எடுங்க. ரீல்ஸுக்கு வெளியே நிறைய இடம் இருக்கு. எந்த மதத்துக்காரராக இருந்தாலும் யாரும் கேட்க மாட்டாங்க. அடைக்கலம் என்று பெயர் வைத்த இடத்தில் யார் கேட்பாங்க?

நேரம் இருந்தால் அதே வட்டாரத்தில் கரைவெட்டி பறவைகள் சரணாலயத்தையும் சேர்த்துக்கலாம். குளிர்காலத்தில் போனால் வலசை வரும் பறவைகளைப் பார்க்கலாம். சாயங்காலம் கொள்ளிடப் பாலத்துப் பக்கம் வாங்க. தண்ணீர் ஓடும் காலமென்றால் கரையிலேயே நில்லுங்க, இறங்க வேண்டாம். இந்த ஆற்று மணலில் பள்ளம் எங்கே என்று வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. பரமார்த்த குரு பயந்ததில் அந்த ஒரு விஷயம் மட்டும் நியாயம்.

திரும்பி வந்து தேரடியில் இறங்கும்போது ராத்திரி ஆகியிருக்கும். போர்டில் லைட் எரிஞ்சுக்கிட்டிருக்கும். 'தே'யில் அந்தச் சுழியைப் பார்த்துட்டு, வீட்டுக்கு ஒரு மெசேஜ் தட்டுங்க: வந்து சேர்ந்துட்டேன். அந்த 'சே'யிலும் 'டே'யிலும் அவர் இருக்கார்.